பத்து வரிகளுக்கு மிகாமல்

1

இந்தக் கதை ஒரு படிவத்தின் மூன்றாம் பக்கத்திலிருந்து வந்தது. அங்கே உள்ளங்கை அளவு ஒரு கட்டம். அதன் தலையில் "விளக்கம் (பத்து வரிகளுக்கு மிகாமல்)" என்று அச்சிட்டிருந்தார்கள். நானும் மிகாமல்தான் எழுத உட்கார்ந்தேன். பத்தாவது வரி முடிந்தபோது என் கணவன் இன்னும் காலைச் சாப்பாட்டையே முடித்திருக்கவில்லை. அவன் சாவதற்கு இன்னும் நாற்பது வரியாவது வேண்டும் என்று தெரிந்ததும் வேறு தாள் எடுத்தேன்.

படிவம் வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் உறையில் கிளம்ப வேண்டும். இன்று வெள்ளிக்கிழமை. கட்டத்துக்குள் உண்மையை எழுதினால் எங்கள் மலையின் வியாபாரம் நின்றுபோகும். பொய்யை எழுதினால், என் கணவன் எப்படிச் செத்தான் என்பது காகிதத்தில் எங்கேயும் இருக்காது. இதற்குப் பத்து வரி தாராளம் என்று படிவத்தைத் தயாரித்தவர் நினைத்திருக்கிறார்.

கடைசிப் பக்கத்தில் விதிகள் உண்டு. நான்காவது விதி: அறிக்கை எழுதுபவர் தம்மைப் படர்க்கையிலேயே குறிப்பிட வேண்டும். 'நான்' என்று எழுதினால் நடுநிலை கெட்டுவிடும் என்று கடல் கடந்த ஊரில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. எட்டு வருடமாக அந்த விதிக்குக் கட்டுப்பட்டுக் கை பழகிவிட்டது. ஆகவே அவள் பெயர் நசிமிரே. வயது முப்பத்தாறு. லுகோமா மலைச் சுரங்கக் கூட்டுறவுச் சங்கத்தில் பதிவேட்டு எழுத்தர். இந்தக் கதையில் நான் சந்தேகப்படும் ஒரே பாத்திரம் அவள்தான். மற்றவர்கள் எல்லாரும் அவரவர் குணப்படி நடந்துகொண்டார்கள்.

2

தொடக்கங்கள்.

"கிவு மலைகளின் மேல் பனிமூட்டம் மெல்ல விலக"

[விட்டுவிட்டேன். அன்று பனிமூட்டம் இல்லை. வெளியூர்க்காரர்கள் எங்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் பனிமூட்டம் இறங்கிவிடுகிறது.]

"துப்பாக்கி வெடித்த சத்தம் கேட்டதும் நசிமிரே"

[கேட்கவில்லை. ஓடை இரண்டு மணி நேர நடைத் தொலைவு. அந்த நேரத்தில் அவள் பதிவேட்டில் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கோடு நேராகவே விழுந்தது. எதுவும் தோன்றவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.]

"இந்தக் கல்லுக்காக யாரும் சாகவில்லை என்று சான்று சொல்லும் பிளாஸ்டிக் துண்டுகளுக்காக ஒருவன் செத்துப்போனான்."

[இது நன்றாக இருக்கிறது. அதனாலேயே பயமாக இருக்கிறது. படிப்பவர் எழுதியவளின் சாமர்த்தியத்தை மெச்சுவார். இதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. நடந்ததே இவ்வளவு அமைப்பாக நடந்துவிட்டது.]

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பிளாஸ்டிக் துண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

3

அதன் பெயர் டேக். விரல் நீளம், ஓர் எண், ஒரு வால். குழியிலிருந்து வெள்ளீயக் கல்லை எடுத்து, கழுவி, மூட்டை கட்டியதும் வாயில் மாட்டி இறுக்குவார்கள். அப்புறம் வெட்டாமல் கழற்ற முடியாது. டேக் இல்லாத மூட்டையை புக்காவு நகரத்து வியாபாரி தொடமாட்டான். அவன் தொட்டாலும் உருக்காலை தொடாது. கடல் கடந்த நாடு ஒன்றில் சட்டம் போட்டிருக்கிறார்கள்: துப்பாக்கிக்காரர்கள் வயிறு வளர்க்கும் கல் தங்கள் கடைகளுக்கு வரக்கூடாது. நல்ல சட்டம். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை.*

சட்டம் மலைகளுக்கு நிறம் கொடுத்தது. லுகோமா பச்சை. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் நிற்கும் கசிரா சிவப்பு. அங்கே காட்டிலிருந்து இறங்கிய ஆயுதக் கும்பல் குழிவாசலில் உட்கார்ந்திருக்கிறது. பச்சை மலைக்கு டேக் உண்டு, சிவப்புக்குக் கிடையாது. கல் என்னவோ இரண்டு மலைக்கும் அடியில் ஒரே நரம்பாக ஓடுகிறது.

டேக் கட்டுகளை வாரம் ஒரு முறை கீழே உள்ள சந்தை ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் கொண்டுவருவது பலகிசியின் வேலை. நசிமிரேயின் கணவன். எதைக் கேலி செய்யக்கூடாதோ அதைத் தேடிப் பிடித்துக் கேலி செய்பவன். கடைசி நாள் காலையில் அவன் தட்டோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

"இன்னிக்கு எத்தனை மூட்டைக்கு ஞானஸ்நானம்?"

"முந்நூறு டேக் வருது. எண்ணி வாங்கு. குடுக்கிறவன்கிட்ட கையெழுத்து வாங்கு. போன தடவை ரெண்டு குறைஞ்சுது, நான்தான் பதில் சொன்னேன்."

"கோழி தின்னிருக்கும்."

"கோழி டேக் தின்னுமா?"

"நீ பதிவேட்டுல எழுதினா தின்னும். உன் கையெழுத்துல எழுதிட்டா கோழியே ஒத்துக்கும்."

"சிரிச்சு மழுப்பாத. கையெழுத்து இல்லாம ஒரு டேக்கும் கை மாறக்கூடாது. யாரா இருந்தாலும் சரி."

"ஆண்டவரே வந்து கேட்டா?"

"அவரும் போடணும். தேதியோட."

அவன் சிரித்தான். தட்டில் மரவள்ளிக்கீரைச் சோம்பேயும் முந்தின நாளின் புகாலிக் களியும் இருந்தன. இரண்டு வாய் தின்றுவிட்டு, "சோம்பேல உப்பு பத்தல" என்று சொல்லி எழுந்துபோனான். அவளிடம் அவன் பேசிய கடைசி வாக்கியம் அது. இதைவிட நல்லதாக ஒன்று வைத்துப் பார்த்தேன். மூன்று முறை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் வேறு எவனோ என் வாசற்படியிலிருந்து எழுந்துபோனான். ஆகவே உப்பு பத்தவில்லை என்பதே இருக்கட்டும்.

* கொஞ்சம் கிண்டலாகத்தான் சொன்னேன். ஆனால் சட்டம் வருவதற்கு முன்னால் குழிவாசலில் என்ன நடந்தது என்பதும் எனக்குத் தெரியும். அது வேறு படிவம்.

4

திரும்பி வரும் வழியில் முகேரா ஓடையில் துப்பாக்கியோடு நான்கு பேர் நின்றிருந்தார்கள். சந்தைக்கு மரவள்ளி சுமந்துபோன மூன்று பெண்கள் புதருக்குள் ஒதுங்கிப் படுத்தபடி பார்த்திருக்கிறார்கள். வழிப்பறிக்காரர்கள் பணத்தைக் கேட்பார்கள், வண்டியைக் கேட்பார்கள். இவர்கள் டேக் கட்டை மட்டும் கேட்டார்கள். கசிராவில் கல் குவிந்து கிடக்கிறது, மாட்ட டேக் இல்லை.

பலகிசி தோள்பையைக் கழற்றினான். தகராறு செய்யவில்லை. மூன்று பெண்களும் தனித்தனியாக அதே வார்த்தைகளைச் சொன்னார்கள். பையை நீட்டிக்கொண்டே அவன் சொன்னது:

"எடுத்துக்குங்க. முந்நூறு இருக்கு. ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க, வீட்ல பதில் சொல்லணும்."

தங்களைக் கேலி செய்கிறான் என்று அவர்கள் நினைத்தார்கள்.

[இங்கே நசிமிரே என்ன நினைத்தாள் என்று ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். பதினான்கு வருடம் கூட வாழ்ந்தவள். அவன் கேலியாகச் சொன்னானா, உண்மையாகவே கேட்டானா என்பது அவளுக்கே இன்றுவரை]

சுகாதார நிலையத்து நர்ஸ், நல்ல மனிதர், சான்றிதழோடு துக்க வீட்டுக்கு வந்தார். ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஓடையில வழுக்கி, கல்லுல தலை மோதிச்சுன்னு எழுதச் சொல்லியிருக்காங்க. எழுதிடறேன். ஆனா காயம் ரெண்டு இருக்கு. ஒரு கல்லா, ரெண்டு கல்லா? நீங்களே சொல்லுங்க அம்மா."

நசிமிரே யோசித்தாள். "ரெண்டு" என்றாள்.

எழுதச் சொன்னவர் சங்கத் தலைவர் பிசிம்வா, ஊருக்கெல்லாம் முஸே, அதாவது பெரியவர். அன்று காலையில் சவக்குழிக்கு முதல் மண்வெட்டி போட்டவரும் அவரே. ஒரு மூட்டை மாவையும் ஒரு பை சம்பாசா மீனையும் தாமே சுமந்துவந்து இறக்கிவிட்டு, பாயில் உட்கார்ந்தார்.

"அம்மா, சம்பவ அறிக்கை நாளைக்குப் போகணும். நீதான் எழுதணும்."

"தெரியும் தலைவரே."

"போன தடவை பட்டாளத்துக்காரன் ஒருத்தன் ஒரு கூடை கல்லு எடுத்தான்னு நேர்மையா எழுதினோம். என்ன ஆச்சு?"

என்ன ஆயிற்று என்று எல்லாருக்கும் தெரியும். மலை சிவப்பானது. ஏழு மாதம். டேக் கொடுக்கிறவர்கள், மேற்பார்வை பார்க்கிறவர்கள், படிவம் நிரப்புகிறவர்கள் எல்லாரும் வண்டியேறிப் போனார்கள். பட்டாளத்துக்காரன் மட்டும் போகவில்லை. பார்க்க ஆள் இல்லாததால் இரண்டு கூடையாக எடுத்தான். கல் கழுவுகிற பெண்கள் கூரைத் தகடுகளைக் கழற்றி விற்றார்கள். பள்ளி ஆசிரியர் போய்விட்டார்.

"கொன்னுட்டாங்கன்னு எழுதினா கொன்னவனை யாரும் பிடிக்கப் போறதில்ல" என்றார் பிசிம்வா. "நம்ம மலையைத்தான் பிடிப்பாங்க."

நசிமிரே எழுதினாள். மழை, ஓடை, வழுக்கல், இரண்டு கல். பலகிசிக்கு ஒரு வரி. பையை வெள்ளம் கொண்டுபோனது என்று இன்னொரு வரி. அதற்குக் கீழே, யாரும் கேட்காமலே, டேக் கொடுத்தவர் சந்தை ஊரிலிருந்து அனுப்பிய நகலைப் பார்த்து எண்களை எழுதினாள்: 41301 முதல் 41600 வரை.

அது எட்டு வருடப் பழக்கம். அந்த அறிக்கையில் இருந்த ஒரே உண்மையும் அதுதான்.

5

உண்மை மூன்று மாதம் கழித்து வந்து சேர்ந்தது. நகரத்து அலுவலகத்தின் கடிதம்: ஆற்றில் போனதாகத் தாங்கள் தெரிவித்த டேக்குகளில் முப்பத்தெட்டு, புக்காவுக் கிடங்கு ஒன்றில் மூட்டைகளின் வாயில் மாட்டிய நிலையில் காணப்பட்டன. விளக்கம் தருக. இணைப்பில் படிவம். பத்து வரிகளுக்கு மிகாமல்.

அந்த மூட்டைகள் இந்நேரம் உருகியிருக்கும். உருகிய வெள்ளீயத்துக்கு எண் கிடையாது.

சங்கக் கொட்டகையில் மூன்று பேர் கூடினார்கள். நசிமிரே, பிசிம்வா, பலகிசியின் தம்பி சிகுரு. சிகுரு நான்காம் குழியில் தோண்டிக்கொண்டிருந்தவன். அண்ணன் போனபின் அவனுடைய வண்டியை எடுத்துக்கொண்டு அவனுடைய வேலையையும் எடுத்துக்கொண்டான். இப்போது டேக் கொண்டுவருவது அவன்.

பிசிம்வா கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"ஆத்துல போச்சுன்னு எழுதினது நீதானேம்மா?"

"நீங்க சொல்லித்தானே தலைவரே."

"ஆத்துல போச்சுன்னுதான் சொன்னேன். நம்பரோட போச்சுன்னா சொன்னேன்? முதல் நம்பர், கடைசி நம்பர், நடுவுல கோடு வேற. செத்தவனைப் பத்திக்கூட இவ்வளவு விவரம் எழுதலையே நீ."

சொன்னபிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது.

"ஆத்து மேலயே பழியைப் போடுங்க அண்ணி" என்றான் சிகுரு. "டேக் மிதக்கும். மிதந்து போச்சு. கீழ யாரோ எடுத்தாங்க, மாட்டினாங்க. ஆறு எந்தச் சட்டத்துக்கும் பதில் சொல்லாது."

"முப்பத்தெட்டும் ஒரே கிடங்குக்கா மிதந்துச்சு?" என்றார் பிசிம்வா.

"நல்லா வழி தெரிஞ்ச ஆறு, முஸே."

பிசிம்வா சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.

"நகரத்துல பேசிப் பார்த்தேன். 'தனிநபர் தவறு'ன்னு ஒரு தலைப்பு இருக்காம். அதுல போட்டா விசாரணை கிடையாது, மலைக்கு ஒண்ணும் ஆகாது, ஃபைலை மூடிடுவாங்க. பலகிசி அந்தக் கட்டை எதிர் மலைக்காரன்கிட்ட குடுத்தான். திரும்பி வர்றப்ப வழுக்கினான். அவ்வளவுதான்."

"வித்துட்டான்னு எழுதச் சொல்றீங்க."

"குடுத்தான்னு சொன்னேன். செத்தவனை எந்தச் சட்டம்மா ஜெயில்ல போடும்? அவன் நம்ம ஆளு. உயிரோட இருந்தா அவனே சொல்லியிருப்பான், என் மேல போடுங்கன்னு."

"உயிரோட இருந்தா உங்க மேல போடச் சொல்லியிருப்பான்" என்றான் சிகுரு. "எங்க அண்ணனைத் தெரியாதா உங்களுக்கு?"

அப்போது பிசிம்வா சிரித்தார். சிரித்துக்கொண்டே தொப்பியால் கண்ணைத் துடைத்தார்.

[பிசிம்வாவைக் கெட்டவராக்கினால் கதைக்கு வசதி. முயன்றேன். குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கினேன், ஒரு கைக்கடிகாரம்கூடக் கட்டிவிட்டேன். ஒட்டவில்லை. அவருடைய மகன்கள் இருவரும் நான்காம் குழியில் இருக்கிறார்கள். கடிகாரத்தைக் கழற்றிவிட்டேன்.]

6

முடிவுகள். மூன்றும் தனித்தனித் தாளில் மேசைமேல் இருக்கின்றன.

முதல் தாள், ஆற்று வெள்ளம். பத்து வரி சரியாக வந்தது. மழையின் அளவு, நீரோட்டத்தின் வேகம், பிளாஸ்டிக்கின் எடை எல்லாம் எழுதியிருக்கிறேன். நம்பும்படியாகவே இருக்கிறது. நம்ப வேண்டியவர்களுக்கு நம்ப வேண்டும் என்ற விருப்பமும் இருக்கிறது. அவர்களுக்கும் பச்சை மலைகள் வேண்டும். மலை பச்சையாக இருக்கும். மீதி இருநூற்று அறுபத்திரண்டு டேக்குகளும் ஒவ்வொன்றாக எங்காவது மூட்டை வாயில் தலைகாட்டும். நசிமிரே நகரத்திலிருந்து வரும் வாரப் பட்டியலில் விரலை ஓட்டித் தேடுவாள். இப்போதே தேடுகிறாள். பலகிசியிடமிருந்து வேறு தபால் ஏதும் வருவதில்லை.

இரண்டாவது தாள், தனிநபர் தவறு. ஐந்து வரி. நான்கு தரப்பையும் காப்பாற்றும் முடிவு இதுதான் என்று நினைக்கிறேன்: மலையை, சங்கத்தை, சட்டத்தை, சுட்டவர்களை.

மூன்றாவது தாள் இது:

"முகேரா ஓடையில் ஆயுதம் தாங்கிய நால்வர் பலகிசியிடமிருந்து முந்நூறு டேக்குகளை எடுத்துக்கொண்டனர். அவர் கையெழுத்துக் கேட்டார். சுட்டுக் கொன்றனர்."

மூன்று வரியில் முடிந்துவிட்டது. நாற்பது வரி வேண்டும் என்று முதலில் சொன்னேனே, அது எனக்குத்தான் வேண்டியிருந்தது. மீதி ஏழு வரி காலியாக இருக்கிறது. அந்த ஏழு வரியில்தான் லுகோமாவில் இரண்டாயிரம் பேர் சாப்பிடுகிறார்கள்.

இந்த வகைக் கதைகளில் எல்லா முடிவுகளையும் வாசகர் முன் வைத்துவிட்டு எழுதியவர் ஒதுங்கிக்கொள்வது வழக்கம் என்று தெரியும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் இரண்டாவது தாளை இப்போதுதான் கிழித்தேன். நான்காகக் கிழித்து அடுப்பில் போட்டேன். இரண்டு டேக் குறைந்ததற்குக் கோழி மேல் பழி போட்டவன் அவன். முந்நூறை விற்றான் என்று என் கையெழுத்தில் இருக்கக்கூடாது. கோழிகூட ஒத்துக்கொள்ளும் கையெழுத்து அது.

நான்காவது விதியை மீறி மறுபடியும் 'என்' என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

7

வாசலில் வண்டி உறுமிக்கொண்டிருக்கிறது. சிகுரு இறங்கவில்லை. உறையைச் சந்தை ஊரில் கொடுத்துவிட்டுப் புது டேக் கட்டோடு அதே ஓடை வழியாகத் திரும்பி வர வேண்டும். மலை பச்சையாக இருந்தால் வாரா வாரம் அந்த ஓடையைத் தாண்டுவான். சிவப்பானால் தாண்ட வேண்டியதில்லை. வேலையும் இருக்காது. கசிராவில் இளவயது ஆட்களை எடுக்கிறார்களாம். துப்பாக்கி அவர்களே கொடுப்பார்களாம்.

"அண்ணி, எழுதியாச்சா? மேகம் கட்டுது."

"ஆச்சு. ஒரு நிமிஷம்."

"ரெண்டு தாளா இருக்கு?"

"ஒண்ணுதான் போகும்."

"எது?"

நசிமிரே உறையின் மேல் முகவரி எழுதிக்கொண்டிருந்தாள். எழுத்து நேராக விழுந்தது. பிறகு தலை நிமிராமல் சொன்னாள்:

"ஓடையில யாராவது நிறுத்தினா பையைக் குடுத்துடு."

"எண்ணிக் குடுக்கவா?"

"எண்ணாத."

"கையெழுத்து?"

"வேண்டாம் சிகுரு. யார்கிட்டயும் கேக்காத. கோழி தின்னுதுன்னு எழுதிக்கறேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

உறை திறந்தே இருக்கிறது. ஒரு தாளில் பத்து வரி, ஒன்றில் மூன்று. படித்துவிட்டீர்கள், இனி தெரியாது என்று சொல்ல முடியாது. ஒன்றை எடுத்து உள்ளே வைத்து ஒட்டுங்கள். அவன் கிளம்ப வேண்டும், மழை வருவதற்குள்.

உங்களிடமும் கையெழுத்துக் கேட்கமாட்டேன்.